கொல்லிமலைக் கிறிஸ்தவ வழிபாடு

கொல்லிமலைக் கிறிஸ்தவ வழிபாடு: நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில், மலையாளிப் பழங்குடியினர் சிலரிடையே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவான சபை வழிபாட்டு முறை. சீர்திருத்தச் சபைகளுள் பாப்திஸ்து மரபைச் சார்ந்தது.

பாடல், ஜெபம், வேதவாசிப்பு, பிரசங்கம் ஆகியன இதன் உறுப்புகள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை. விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்டவரே முழுக்கு ஞானஸ்நானம் பெற்றுத் திருவிருந்தில் பங்கேற்பர். எனவே இங்கு வழிபாடு பிறப்புரிமையன்று, தனிமனிதத் தீர்மானத்தின் வெளிப்பாடு; குலதெய்வ வழிபாட்டில் ஊன்றிய சமூகத்தில் இது எளிதாக ஏற்கப்படவில்லை.

ஸ்டிரிக்ட் பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியர் 1913இல் மணந்தபின் கொல்லிமலையிலுள்ள வாழவந்தியில் குடியேறினர். மருத்துவம், கல்வி, வேளாண்மை ஆகியவற்றோடு இணைந்தே வழிபாடு பரவியது. முதலில் எதிர்த்த உள்ளூர்ப் பூசாரி ஒருவர், முதல் உலகப்போரை ஒட்டிய இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயில் தம்மைப் பேணிய அவர்களிடமே தம் பிள்ளைகளை ஒப்படைத்து இறந்தார். சபை தோன்றியதற்குப் பிரசங்கத்தைவிட இதுவே காரணம் எனலாம். ஜெசி 1929இல் காய்ச்சலால் இறந்தார். எவலின் முதுமையிலும் மலைப்பணியைத் தொடர்ந்து 1974இல் மறைந்தார். இருவர் கல்லறைகளும் வாழவந்தியில் உள்ளன. தொழுநோய் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இவர்களின் மகன்.