இரண்டு வீடுள்ள மீன்

மீன் கடைக்குப் போகும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், கத்தாழை மீனை அறிந்திருப்பீர்கள். அதன் தலையைக் குழம்பில் போட்டுச் சாப்பிடும்போது பல்லில் ஒரு கல் தட்டுப்படும். வெண்மையாக, பீங்கான் சில்லுபோல் இருக்கும். அது மணலிலிருந்து வந்த கல் அன்று. மீனின் உட்காதிலேயே வளரும் சுண்ணாம்புக் கல். இந்தக் குடும்பத்து மீன்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இவற்றுள் பல, ஒலி எழுப்ப வல்லவை. வயிற்றினுள் உள்ள காற்றுப் பையை, நம் மீனவர்கள் ‘நெட்டி’ என்பார்களே அதை, பக்கத்திலுள்ள தசைகள் விரைந்து அதிரச் செய்யும்போது முரசு கொட்டுவது போன்ற ஓசை எழுகிறது.

கத்தாழைக்கு உலகின் மறுபக்கத்திலும் உறவினர் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கரையை ஒட்டிய மெக்ஸிகோ வளைகுடாவில் அந்த உறவினர் இருவர் புகழ் பெற்றவர்கள். ஒன்று ‘ரெட் டிரம்’, அதாவது சிவப்பு முரசு. செம்பு நிற உடல். வாலடியில் ஒரு கரும்பொட்டு. அங்குள்ளவர்கள் இதைச் சுருக்கமாக ‘ரெட்பிஷ்’ என்பார்கள். நாம் ‘முரசு மீன்’ என்றே வைத்துக்கொள்வோம். மற்றொன்று ‘புள்ளி டிரௌட்’. நீலகிரி ஓடைகளில் வெள்ளையர் கொண்டுவந்து விட்ட டிரௌட் மீனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடம்பில் புள்ளிகள் இருப்பதால் இதற்கும் அப்பெயர் வந்ததே தவிர, அதற்கும் இதற்கும் உறவு இல்லை. இதுவும் கத்தாழைக் குடும்பமே.

இவ்விரு மீன்களை முன்னிட்டு அந்தக் கரையில் ஐம்பது ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. கடலில் உள்ள மீன் யாருடையது? அது குறைந்தால் யார் கையை நிறுத்த வேண்டும்? இதுதான் வழக்கு. அதற்குத் தீர்ப்புச் சொல்ல மீனின் வாழ்க்கை வரலாற்றையே சாட்சியாக அழைக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கழி ஒரு வீடு, கடல் ஒரு வீடு

டெக்ஸாஸ் மாநிலக் கரையை ஒட்டி நீண்ட மணல் தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுள் பெரியதான பாட்ரே தீவு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளமுள்ளது. இத்தீவுகளுக்கும் நிலத்துக்கும் இடையே ஆழமில்லாத உப்பங்கழிகள் இருக்கின்றன. பழவேற்காடு ஏரியைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். தீவுகளுக்கிடையே உள்ள முகத்துவாரங்கள் வழியாக ஓதநீர் உள்ளே வரும். வற்றும்போது வெளியே போகும்.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில், பொழுது சாயும் நேரத்தில், வளர்ந்த முரசு மீன்கள் இந்த முகத்துவாரங்களின் அருகே கூடுகின்றன. ஆண் மீன்கள் முரசொலி எழுப்பிப் பெண் மீன்களை அழைக்கின்றன. முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர் அளவே. அதிலுள்ள எண்ணெய்த் துளி அதை மிதக்க வைக்கிறது. ஏறத்தாழ ஒரே நாளில் குஞ்சு வெளிவருகிறது. அதை ஓதம் கழிக்குள் கொண்டு சேர்க்கிறது. அங்கே கடற்புல் அதற்குத் தொட்டில். இறாலும் நண்டும் உணவு. மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் கழியிலேயே வளர்ந்து, இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் பருவத்தில் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறது. அங்கே மூத்த மீன்களின் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறது.

அதன்பின் அது எத்தனை ஆண்டு வாழும் என்று நினைக்கிறீர்கள்? காதுக் கல்லைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், மரத்தின் வெட்டு முகத்தில் தெரிவதுபோல் வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணிய விஞ்ஞானிகள், வளைகுடாவில் 40 வயதுள்ள மீன்களையும், அட்லாண்டிக் கரையில் 60 வயதைத் தாண்டிய மீன்களையும் கண்டனர். 1984-ஆம் ஆண்டில் வட கரோலினாக் கரையில் தூண்டிலில் சிக்கிய ஒரு முரசு மீனின் எடை 42.7 கிலோகிராம். தூண்டில் மீன்பிடியில் இந்த இனத்துக்கு அதுவே உலகச் சாதனை.

ஆக, இம்மீனுக்கு இரண்டு வீடுகள். இளமைக்குக் கழி, முதுமைக்குக் கடல். புள்ளி டிரௌட் அப்படி அன்று. பிறப்பு, வளர்ப்பு, இனப்பெருக்கம் யாவும் பெரும்பாலும் கழியிலேயே நடக்கும். அதன் ஆயுளும் குறைவு; பத்து ஆண்டைத் தாண்டுவது அரிது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கழியில் மூண்ட சண்டை

டெக்ஸாஸ் கழிகளில் இரு சாரார் மீன் பிடித்தனர். செவுள் வலையும் ஆயிரங்கால் தூண்டிலும் இட்டுச் சந்தைக்கு மீன் கொடுத்த தொழில் மீனவர்கள் ஒரு சாரார். விடுமுறை நாளில் கைத்தூண்டிலுடன் வந்த நகரத்து மக்கள் மற்றொரு சாரார். 1970-களில் இரு மீன்களும் குறையத் தொடங்கின. ‘வலைகள்தான் கழியைக் காலி செய்கின்றன’ என்றனர் தூண்டில்காரர்கள். ‘நாங்கள் சிலர், மோட்டார் படகுகளில் வரும் நீங்களோ ஆயிரக்கணக்கானவர்’ என்றனர் வலைக்காரர்கள்.

1977-ஆம் ஆண்டில் ஹியூஸ்டன் நகரத்துத் தூண்டில் கடை ஒன்றில் பதினான்கு பேர் கூடி ‘வளைகுடாக் கரைப் பாதுகாப்புச் சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். சங்கம் விரைவில் வலுப்பெற்றது. 1981-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, அம்மாநில நீரில் பிடித்த முரசு மீனையும் புள்ளி டிரௌட்டையும் விற்கக் கூடாது. பிடிக்கலாம், தின்னலாம், காசாக்க முடியாது. 1988-ஆம் ஆண்டில் அங்குள்ள கரைநீரில் இவ்வகை வலைகளே தடை செய்யப்பட்டன.

சண்டை இத்துடன் முடிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் வழக்கில் பாதிதான் இதுவரை விசாரிக்கப்பட்டிருந்தது. இரு சாராரும் கண்டது மீனின் முதல் வீட்டை மட்டுமே.

ஒரு சமையல் செய்த வேலை

லூயிசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பால் புரூடோம் என்னும் சமையற்கலைஞர் 1979-ஆம் ஆண்டில் ஓர் உணவகம் தொடங்கினார். முரசு மீன் துண்டை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, மசாலைப் பொடி தூவி, பழுக்கக் காய்ந்த இரும்புச் சட்டியில் மேற்புறம் கருகும்படி வாட்டி எடுப்பது அவர் முறை. 1980-களில் இந்தக் ‘கருக்கிய மீன்’ அமெரிக்கா முழுவதும் மோகமாகப் பரவியது. ஒரு காலத்தில் மலிவு மீனாக இருந்தது, பெருநகர உணவகங்கள் போட்டி போட்டுக் கேட்கும் பண்டமாயிற்று.

கழியில் கிடைத்த மீன் இந்தத் தேவைக்குப் போதவில்லை. வியாபாரிகள் இரண்டாம் வீட்டின் கதவைத் தட்டினர். மூத்த மீன்கள் ஆழ்கடலில் மேற்பரப்பை ஒட்டிப் பெருங் கூட்டமாக நீந்தும். விமானத்திலிருந்து பார்த்தால் நீரில் செம்பைக் கொட்டியதுபோல் தெரியும். விமானம் இடத்தைக் காட்ட, கப்பல் சென்று வளைத்தது. பயன்படுத்தியது எந்த வலை தெரியுமா? நம் கரையோரத்தில் சுருக்குமடி என்று சொல்லப்படும் அதே வகை. ஒரே வளைப்பில் ஒரு கூட்டமே அகப்பட்டுவிடும். இருபது, முப்பது ஆண்டுகளாக ஆண்டுதோறும் முட்டையிட்டு வந்த தாய் மீன்கள் இப்படிச் சில பருவங்களில் பெருமளவில் வாரப்பட்டன.

1986-ஆம் ஆண்டில் மத்திய அரசு அவசர ஆணை பிறப்பித்து இந்தப் பிடிப்பை நிறுத்தியது. விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோதுதான் முழு உண்மை புலப்பட்டது. கழியில் வலையும் தூண்டிலும் சேர்ந்து இளமீன்களை எடுத்ததால், கடலுக்குத் தப்பிச் சென்றவை மிகச் சிலவே. கடற்கூட்டம் பெரிதாகத் தோன்றியது உண்மை. ஆனால் அது பழைய தலைமுறை. புது வரவு இல்லாத வீட்டில் முதியவர்களையும் வெளியேற்றினால் என்ன ஆகும்? வட்டி வராமற்போன கணக்கிலிருந்து முதலையும் எடுத்துச் செலவிடுவது போன்றது அது. 1988-ஆம் ஆண்டு முதல் வளைகுடாவின் மத்திய அரசுக் கடற்பகுதியில் முரசு மீனைப் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை. தொழில் மீனவருக்கும் இல்லை, தூண்டில்காரருக்கும் இல்லை. அத்தடை இன்றும் நீடிக்கிறது.

இளையதையும் விடு, மூத்ததையும் விடு

சின்ன மீனை விட்டுவிட வேண்டும் என்பது எல்லா மீனவரும் அறிந்த நியாயம். பெரிய மீனையும் விட்டுவிட வேண்டும் என்பது புதிது. டெக்ஸாஸில் தூண்டில்காரர் ஒருவர் நாளுக்கு மூன்று முரசு மீன்கள் வைத்துக்கொள்ளலாம். அவை 20 முதல் 28 அங்குலம் வரை, அதாவது 51 முதல் 71 சென்டிமீட்டர் வரை நீளம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது குழந்தை. அதற்கு மேற்பட்டது, இனிப் பல்லாண்டு முட்டையிட இருக்கும் தாய். தனிச் சீட்டுடன் அரிதாக ஒரு பெரிய மீனை வைத்துக்கொள்ள மட்டும் சலுகை உண்டு. இந்த அளவுகோலைத் தந்தது வேறெதுவும் அன்று; இரண்டு வீடுகளைப் பற்றிய அறிவுதான்.

செயற்கை இனப்பெருக்கமும் கைகொடுத்தது. போர்ட் அரான்சஸ் நகரக் கடலாய்வு நிலையத்தில் 1970-களில் கானி அர்னால்டு என்ற விஞ்ஞானி, தொட்டியில் நீரின் வெப்பத்தையும் விளக்கொளியின் நேரத்தையும் மாற்றி மாற்றி, ஓராண்டின் பருவங்களைச் சில மாதங்களுக்குள் சுருக்கிக் காட்டினார். இலையுதிர் காலம் வந்துவிட்டதாக நம்பிய மீன்கள் முட்டையிட்டன. 1980-களின் தொடக்கத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. அங்கே வளர்ந்த குஞ்சுகள் கழிகளில் விடப்பட்டன. இதே முறையால் பண்ணை வளர்ப்பும் பெருகிற்று. 1990-களின் தொடக்கத்தில் சீனாவுக்குப் போன இம்மீன் இன்று அங்கே பெருமளவில் வளர்க்கப்படுகிறது. அங்கே அதன் பெயர் ‘அமெரிக்கச் சிவப்பு மீன்’.

ஆனால் இயற்கை எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டதன்று. 1983 டிசம்பரில் வீசிய கடுங்குளிரில் டெக்ஸாஸ் கழிகளில் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட மீன்கள் மடிந்ததாக மதிப்பிட்டனர். 1989-ஆம் ஆண்டில் இருமுறையும், 2021 பிப்ரவரியில் மீண்டும் ஒருமுறையும் இவ்வாறு நேர்ந்தது. முரசு மீனுக்குக் கடலில் ஒரு சேமிப்பு இருக்கிறது. கழியையே நம்பி வாழும் புள்ளி டிரௌட்டுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. இரு மீன்களின் வேறுபாட்டை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இவ்வளவுக்கும் பிறகு டெக்ஸாஸ் கழிகளில் மீன் திரும்பியது. 1970-களின் நடுவிலிருந்து அரசு ஆய்வாளர்கள் ஒரே முறையில் வலையிட்டு மீன்களை எண்ணி வருகின்றனர். மீனவர் கையிலிருந்து பறிக்கப்பட்ட செவுள் வலைதான் அவர்கள் கருவி!

தீர்ப்பின் விலை

இந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 1994-ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாநில மக்கள் கரைநீரில் செவுள் வலைகளைத் தடைசெய்ய வாக்களித்தனர். நூற்றுக்கு 72 பேர் ஆதரவு. அரசு வலைகளை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆனால் தலைமுறை தலைமுறையாக வலைத்தொழிலே கதி என்றிருந்த குடும்பங்களுக்கு வலையின் விலை ஈடாகுமா? 2007-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் புஷ், மத்திய அரசு நீரில் பிடிக்கும் முரசு மீனை விற்பதைத் தடுக்கும் வகையில் ஆணையிட்டார். இன்று வளைகுடாவில் பிடிபடும் முரசு மீன் ஏறத்தாழ முழுவதும் தூண்டில்காரர் பங்கே.

எதிரி போய்விட்டான், மீன் இனிக் குறையாது என்று எண்ணினால் அதுவும் பிழை. கடலுக்குத் தப்பிச் செல்லும் இளமீன்கள், மீன்பிடியே இல்லாவிட்டால் எத்தனை தப்புமோ அதில் நூற்றுக்கு 30 பங்காவது இருக்க வேண்டும் என்பது லூயிசியானாவின் குறிக்கோள். 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது ஏறத்தாழ 20 ஆக இறங்கியிருந்தது. எனவே 2024 ஜூன் முதல் ஒருவர் நாளுக்கு ஐந்துக்குப் பதில் நான்கு மீன்களே வைத்துக்கொள்ளலாம். 27 அங்குலத்துக்கு மேற்பட்டதை ஒன்றுகூட வைத்துக்கொள்ள முடியாது. 2023 நவம்பரில் புள்ளி டிரௌட்டுக்கும் 25 என்ற அளவு 15 ஆயிற்று.

இவற்றோடு, முதல் வீடே கரைந்து வருகிறது. 1932 முதல் 2016 வரை லூயிசியானாக் கரையில் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் சதுப்பு நிலம் நீரில் மறைந்துவிட்டது. மிஸ்ஸிஸிப்பி ஆற்றுக்குக் கரை கட்டியதால் வண்டல் வந்து சேரவில்லை. எண்ணெய்த் தொழிலுக்காக வெட்டிய கால்வாய்கள் உப்புநீரை உள்ளே விட்டன. நிலமும் தானே தாழ்ந்து வருகிறது. தொட்டில் போனபின் பிள்ளைக்குச் சட்டம் எழுதி என்ன பயன்?

ஒரு மீனைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் வாழ்க்கையை முழுவதுமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதி தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தபோது மற்றப் பாதி காலியாகிக்கொண்டிருந்தது. முழுவதும் தெரிந்த பிறகும் இழப்பை யார் தாங்குவது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்கு விஞ்ஞானம் மட்டும் விடை சொல்லிவிட முடியாது.

அடுத்த முறை கத்தாழைக் குழம்பில் கல் தட்டுப்பட்டால் உடனே எறிந்துவிடாதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள். இந்த மீன் எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, ஒருமுறையேனும் முட்டையிட்டபின் வலையில் விழுந்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அருகில் ஒரு மீனவப் பெரியவர் இருந்தால் அவரையும் கேளுங்கள்.