5 டாலர் ரேசரும் நம்ம கழுத்தும்

"டாக்டர், பத்தாயிரம் ரூபாய்க்கு ஸ்டீல் ரேசர் வாங்கினா கழுத்துல வர்ற பருக்கள் போயிடுமா?"

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பழைய கதை கேளுங்க.

1903. அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட்டின் சேஃப்டி ரேசர் விற்பனைக்கு வந்தது. முதல் வருஷம் விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. விலை 5 டாலர். அன்றைய தொழிலாளிக்குக் கிட்டத்தட்ட அரைவாரக் கூலி! ரேசரைச் சும்மா கொடுத்து பிளேடில் சம்பாதித்தார் என்பார்களே, ஆரம்பத்தில் அப்படி இல்லவே இல்லை.

1904-ல் கிடைத்த காப்புரிமை 1921-ல் முடிந்தது. அதே வருஷம் பழைய மாடல் 1 டாலருக்கு இறங்கியது. புது மாடல் அதே 5 டாலர். பிளேடை இன்னும் துல்லியமாகப் பிடிக்கும் என்றது கம்பெனி. சரி, ஆனால் இரண்டிலும் மாட்டியது ஒரே பிளேடுதான்!

இன்றும் முடியை வெட்டுவது பிளேடு. நல்ல ஸ்டீல் ரேசர் துருப்பிடிக்காது, பல வருஷம் உழைக்கும். அவ்வளவுதான்.

கழுத்தில் பருக்கள் வருவது பெரும்பாலும் வெட்டின முடி வளைந்து தோலுக்குள்ளேயே குத்துவதால். வெதுவெதுப்பான நீரில் நனைச்சு, முடி வளரும் திசையிலேயே, அழுத்தாம இழுங்க. மழுங்கின பிளேடை மாத்துங்க. சில நூறு ரூபாய் ரேசரே போதும்.

அப்பவும் குறையலைன்னா ஷேவிங்கைக் கொஞ்ச நாள் நிறுத்திட்டு தோல் மருத்துவரைப் பாருங்க.