ஒரு பொய்ச் சான்றிதழும் கடலில் விழுந்த துணைக்கோளமும்



விண்வெளி வரலாறு என்றதும் நிலவில் மனிதன் கால் பதித்ததையும் செவ்வாய்க்குக் கலம் அனுப்பியதையும்தான் நாம் பேசுவோம். நான் பேச வந்திருப்பது பூமியை விட்டுத் தூரம் போகாத ஒரு துணைக்கோளத்தின் கதை. 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி நம் காற்றில் உள்ள கரியமிலவாயுவை அளப்பதுதான் அதற்கு இடப்பட்ட வேலை.

அப்படி ஒன்று எதற்கு என்று கேட்கலாம். 1958ஆம் ஆண்டு ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்ற அறிவியலாளர் இந்த வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. 2009இல் அது 387 பங்கை எட்டியது. ஆனால் மனிதர்கள் எரித்து வெளிவிடுவதில் ஏறக்குறைய பாதிதான் காற்றில் தங்குகிறது. மீதியைக் கடலும் காடும் வாங்கிக்கொள்கின்றன.

மாதம் 3,000 வெள்ளி சம்பளம் வரும் வீட்டில் 1,500 வெள்ளி எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் நாம் சும்மா இருப்போமா? எந்தக் காடு எவ்வளவு வாங்குகிறது, எந்த ஆண்டில் வாங்காமல் கைவிரிக்கிறது என்பதை, தரையில் ஆங்காங்கே இருந்த சில நிலையங்களைக் கொண்டு கணக்கிட முடியவில்லை.

மேலிருந்து பார்த்தால் முடியும். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத சில நிறங்களைக் கரியமிலவாயு விழுங்கிவிடும். தரையில் பட்டுத் திரும்பும் ஒளியில் அந்த நிறங்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று பார்த்தால் இடையில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த எண்ணத்தில் உருவான துணைக்கோளத்தின் பெயர் ஓ.சி.ஓ. அறிவியலாளர் டேவிட் கிரிஸ்ப் தலைமையிலான குழு, பல ஆண்டுகள் உழைத்து அதை உருவாக்கியது. செலவு சுமார் 273 மில்லியன் அமெரிக்க டாலர்.

2009 பிப்ரவரி 24. கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க் தளத்தில் அதிகாலை மணி 1.55, நமக்கு மாலை மணி 5.55. டோரஸ் எக்ஸ்.எல். ராக்கெட் புறப்பட்டது. காற்று மண்டலத்தைத் தாண்டும்வரை துணைக்கோளத்தைக் காப்பதற்காக ராக்கெட்டின் தலையில் ஒரு காப்புக் கூடு இருக்கும். ஏறக்குறைய மூன்றாவது நிமிடத்தில் அது இரண்டாகப் பிளந்து விழ வேண்டும். அன்று அது விழவில்லை. அந்தச் சுமையோடு ராக்கெட்டால் சுற்றுப்பாதையை எட்ட முடியவில்லை. துணைக்கோளம் அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு, சில நிமிடங்களில் முடிந்தது.

இதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜனவரி 23ஆம் தேதி, இதே வாயுவை அளக்க ஜப்பான் 'இபுகி' என்ற தன் துணைக்கோளத்தை அனுப்பியிருந்தது. கலத்தை இழந்து நின்ற அமெரிக்கக் குழுவினரை ஜப்பானியர்கள் தங்கள் தரவுகளை ஆராய வரும்படி அழைத்தார்கள். இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மீண்டும் வரும்.

விசாரணைக் குழு அமர்ந்தது. கூடு பிரியாததற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம் என்றது. இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியவில்லை. சில திருத்தங்களுக்குப் பிறகு 2011 மார்ச் 4ஆம் தேதி 'குளோரி' என்ற இன்னொரு பூமி ஆய்வுத் துணைக்கோளத்தை அதே வகை ராக்கெட்டில் அனுப்பினார்கள். மீண்டும் கூடு பிரியவில்லை. அதுவும் கடலுக்கே போனது.

ஓ.சி.ஓ. குழு கலையவில்லை. பழைய வரைபடங்களை எடுத்து மறுபடியும் கட்டியது. இம்முறை டெல்டா 2 ராக்கெட். 2014 ஜூலை 1ஆம் தேதி, புறப்பட 46 விநாடி இருக்கும்போது ஏவுதளத்தின் நீர்ப்பாய்ச்சும் அமைப்பில் கோளாறு தெரிந்தது, நிறுத்திவிட்டார்கள். மறுநாள் நம் நேரம் மாலை மணி 5.56க்கு ராக்கெட் எழும்பியது. கூடு பிரிந்தது. 56 நிமிடம் கழித்துத் துணைக்கோளம் தனியாகப் பறந்தது.

அடுத்த ஆண்டே அதற்கு நம் வட்டாரத்தில் வேலை வந்தது. 2015இல் சுமத்ராவும் கலிமந்தானும் எரிந்தபோது நம்மைச் சூழ்ந்த புகைமூட்டத்தை யாரும் மறந்திருக்க முடியாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிகளை மூடினார்கள். அந்த ஆண்டு தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய மூன்றின் வெப்பமண்டல நிலங்களும் சேர்ந்து, 2011ஐவிட சுமார் 2.5 பில்லியன் டன் கரியத்தைக் கூடுதலாக வெளியிட்டதாக 2017இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம் பக்கத்தில் அதற்கு முக்கியக் காரணம் தீ. ஒப்பிடுவதற்கு 2011ஆம் ஆண்டின் அளவு எங்கிருந்து கிடைத்தது? ஜப்பானின் இபுகி கொடுத்தது. ஒருவர் தவறவிட்ட காலத்தை இன்னொருவரின் ஏடு காத்து வைத்திருந்தது.

சரி, அந்தக் கூடு ஏன் பிரியவில்லை? 2019இல் நாசா விடை சொன்னது. கூட்டின் இணைப்பில் இருந்த அலுமினியத் துண்டு, உள்ளிருக்கும் சிறு வெடிப்பில் சரியாக உடைய வேண்டும். அதை வழங்கிய நிறுவனத்தில், சோதனையில் தேறாத உலோகத்தைத் தேறியதாக எண்களை மாற்றிச் சான்றிதழ் எழுதியிருந்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 19 ஆண்டுகள். இரண்டு துணைக்கோளங்களின் இழப்பு 700 மில்லியன் டாலருக்கும் மேல் என்றது நாசா. அந்த நிறுவனம் அமெரிக்க அரசுக்கும் மற்றவர்களுக்கும் கட்ட ஒப்புக்கொண்டது 46 மில்லியன் டாலர்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இங்கே அச்சாணி இருந்தது. அதன் தரத்தைப் பற்றிய தாள்தான் பொய். பணம் போனால் திரும்ப ஈட்டலாம். ஆனால் 2009இல் வீசிய காற்றை 2014இல் திரும்ப அளக்க முடியாது. இபுகி இல்லாவிட்டால் அந்த ஐந்து ஆண்டுகளுக்கு விண்ணிலிருந்து பார்த்த கணக்கே இவ்வளவு கூட நம்மிடம் இருந்திருக்காது.

நேயர்களே, நம்மில் பலர் தொழிற்சாலையிலோ, பட்டறையிலோ, அலுவலகத்திலோ ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறவர்கள்தாம். 'சோதித்தேன், சரியாக இருக்கிறது' என்று எழுதுமுன் உண்மையிலேயே சோதித்தோமா என்று ஒரு கணம் நின்று பார்ப்போம். நாம் செய்த துண்டு எந்த ராக்கெட்டில் போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரியாது.