லேபிள்

"பாட்டு எந்த லேபிள்ல வருது?" நெமிலிச்சேரியில் சொந்தமாக ட்யூன் போடும் இளைஞர் இப்படிக் கேட்டால், பாடலை வெளியிட்டு அதன் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம் எது என்று கேட்கிறார். பழைய பிரெஞ்சில் இந்தச் சொல் துணி நாடாவைக் குறித்தது. ஆங்கிலத்தில் ஒட்டும் சீட்டானது. இசைத்தட்டின் நடுவே ஒட்டிய வட்டச் சீட்டின் பெயர் கம்பெனிக்கே ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் இது ஆகுபெயர்.

அந்தச் சீட்டு அவ்வளவு முக்கியம். 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடிய தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாயின. சீட்டில் யார் பெயரைப் போடுவது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டுமே! பாட்டு முடிந்ததும் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் கணீரென்று சொல்வார். இன்று கேட்டாலும் சிலிர்க்கிறது.

சென்னையில் ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் 'ஓடியன்' லேபிள் தட்டுகளை விற்றது. எச்.எம்.வி. தட்டை வாங்கியவர்கள் எழுத்தைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை, சீட்டில் இருந்த நாய்ப் படமே போதுமாக இருந்தது.

ஸ்டுடியோ என்பது வேறு. அது பாட்டைப் பதிவு செய்யும் இடம். அமெரிக்காவின் மெம்பிஸில் சாம் ஃபிலிப்ஸ் 1950இல் தொடங்கியது ஸ்டுடியோ. 'சன்' என்ற லேபிள் 1952இல்தான் வந்தது. எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டு 1954இல் அதன் மஞ்சள் சீட்டோடு வெளியானது.