அப்பன் பேர் எந்த ரிஜிஸ்தரில்?

இடஒதுக்கீடு என்றாலே சாதி பற்றிய பேச்சு என்று நம் சூழலில் ஆகிவிட்டது. சாதியின் பேரில் தரப்படுவது 'சலுகை', மற்றதெல்லாம் 'தகுதி'. இந்த எதிர்வின் நிழலில் சத்தமில்லாமல் பிழைத்து வந்தது ஒன்று உண்டு: ஊழியர் பிள்ளைகளுக்கான கல்லூரி இடங்கள். இதன் வழக்கு வரலாறு, பிறப்பு என்பதை நம் நீதிமன்றங்கள் எப்படிப் புரிந்துகொண்டன என்பதைக் காட்டிக்கொடுப்பதாக எனக்குப் படுகிறது.

மூன்று தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 1951, செண்பகம் துரைராஜன் வழக்கு. 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிராமணர்க்கு 2, ஹரிஜனங்களுக்கு 2 என்று பிரித்துவந்த சென்னை மாகாண வகுப்புவாரி ஆணை செல்லாது என்றாயிற்று. செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது கிளைக்கதை. 1968, ராஜேந்திரன் வழக்கு. மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பிரிக்காவிட்டால் சென்னை நகரத்துப் பிள்ளைகளே அள்ளிக்கொள்வார்கள் என்று அரசு வாதிட்டது. சேலத்தில் அன்று மருத்துவக் கல்லூரி கிடையாது, 1986இல்தான் வந்தது. உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தையும் ஏற்கவில்லை.

அடுத்த வருஷமே, 1969இல், சித்ரா கோஷ் வழக்கு. டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில், வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்க்கும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மதிப்பெண் இருந்தும் இடம் கிடைக்காத மாணவர்கள் எதிர்த்தார்கள், தோற்றார்கள். கல்லூரியின் செலவைச் சுமக்கும் அரசு, எந்தெந்த மூலங்களிலிருந்து மாணவர்களை எடுப்பது என்று தீர்மானிக்கலாம் என்பது நீதிமன்றத்தின் தர்க்கம்.

ஆக, சாதி கூடாது, ஊர் கூடாது, அப்பனுடைய உத்தியோகம் கூடும். சாதியாகப் பார்த்தால் பிறப்பு, உத்தியோகமாகப் பார்த்தால் 'மூலம்'. 1993இல் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு, தனியார் தொழிற்கல்லூரிகளில் நிர்வாகத்துக்கோ நிறுவிய குடும்பத்துக்கோ சாதிக்கோ ஒதுக்கீடு கூடாதென்றது. 2002இல் டி.எம்.ஏ. பாய் தீர்ப்போடு அந்தத் திட்டமே போயிற்று. 2005இல் இனாம்தார் தீர்ப்பு வெளிநாடுவாழ் இந்தியர்க்கு 15 சதம் வரை வழிவிட்டது. தூதரகத்து அப்பாவின் இடத்தில் டாலர் அப்பா வந்து உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

இந்த மூலத் தர்க்கத்தைத் தொழிலாளி கையிலெடுத்தால் என்ன ஆகும்? நம் பக்கத்துப் பெருந்துறையே உதாரணம். காசநோய் சானடோரியம் இருந்த ஊரில் 1992இல் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. போக்குவரத்துக் கழக ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் கல்லூரி அரசின் நேரடிக் கைக்குப் போனது. டிரைவர், கண்டக்டர் மகள் டாக்டராவதை நான் எதிர்க்கவில்லை; தூதரக அதிகாரியின் பிள்ளைக்கு இருந்ததைவிட நியாயமான பாத்தியதை அது. ஆனால் அந்த இடத்தைச் சுட்ட நாம் பயன்படுத்தும் 'வாரிசு' என்ற சொல்லைக் கவனியுங்கள். வாரிசு சொத்துக்குத்தான் உண்டு. கூலி உழைப்பைக்கூடச் சொத்தாக மாற்றிவிடுகிறது இந்தச் சொல். 'ஊழியர்' பட்டியலுக்குள்ளும் மேலதிகாரியும் மெக்கானிக்கும் ஒன்றாகிவிடுகிறார்கள். காண்ட்ராக்ட் துப்புரவுத் தொழிலாளி பட்டியலிலேயே இல்லை.

சேலம் – நாமக்கல் சாலையில் இரண்டு டிரைவர்கள் எதிரெதிரே வருகிறார்கள். ஒருத்தர் அரசு பஸ், இன்னொருத்தர் லாரி. தூக்கம் கெடுவதும் முதுகு போவதும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். லாரிக்காரர் பேர் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை. பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் அடிப்பவர், ரிக் வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் வெளிமாநிலத்தில் கிடப்பவர், கோழிப்பண்ணையில் தீவனம் போடுபவர், யாருக்கும் 'வாரிசு' கிடையாது. மார்க் வாங்கித்தரும் நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிகளின் ஃபீஸும் இவர்களுக்கு எட்டாது. ஆனால் செலவைச் சுமப்பவரே மூலம் என்றால், அந்த லாரி குடிக்கும் ஒவ்வொரு லிட்டர் டீசலிலும் அரசு வரி எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அரசுக் கல்லூரியின் செலவை அந்த டிரைவரும்தானே சுமக்கிறார்?

2020இல் தமிழக அரசு மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 சதம் ஒதுக்கியது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதன் முக்கியத்துவம் எண்ணில் இல்லை. அப்பன் எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்காமல், பிள்ளை எந்தப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தது என்று கேட்கிறது அது. சாதிவாரி இடஒதுக்கீட்டைக் காப்பதோடு நில்லாமல், வாரிசுரிமையை இந்தக் கேள்வியால் பெயர்ப்பதும் நம் வேலையாக இருக்க வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் முதலில் இதைப் பேசினால் நல்லது.