பயிர் மானியமும் பயனாளிப் பட்டியலும் – திண்டுக்கல் சமவெளி

திண்டுக்கல், ஆத்தூர், ரெட்டியார்சத்திரம், வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் வட்டாரங்களின் உழவர்களுக்கு அரசு தரும் மானியமும், அது யாருக்குப் போகிறது என்பதை ஊர் அறிந்துகொள்ளும் வழியும் வளர்ந்த வரலாறு இது.

மாவட்டம் 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்தது. அந்நாளில் மானியம் என்றால் பெரும்பாலும் விதை, உரம், பூச்சிமருந்துதான். வேளாண் விரிவாக்க மையத்தில் விலை குறைத்துக் கொடுப்பார்கள். பதிவேடு அலுவலக அலமாரியோடு சரி. இந்திய மாநிலங்களில் முதலாவதாகத் தமிழ்நாடு 1997-இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. ஆனால் அதில் விலக்குகள் ஏராளம். 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்தான் நிலைமையை மாற்றியது. மானியத் திட்டங்களின் ஒதுக்கீட்டையும் பயனாளிகள் விவரத்தையும் எவரும் கேட்காமலே அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4-ஆவது பிரிவு.

இந்தச் சமவெளி பெரிதும் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியது. ஆகவே, 1990-இல் எல்லா உழவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட இலவச மின்சாரம் இங்கே மற்ற எந்த மானியத்தையும்விடப் பெரியது என்றே சொல்லலாம். அதற்கான பணத்தை அரசு மின்வாரியத்துக்குக் கட்டுகிறது. விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. செலவான யூனிட் மதிப்பீடாகவே கணக்கில் ஏறும். அரை ஏக்கர் மல்லிகைக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர் பெற்றது எவ்வளவு, நான்கு ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் பெற்றது எவ்வளவு என்று காட்டும் பட்டியல் எங்கும் இல்லை.

பட்டியல் வந்தது சிறு தொகைக்குத்தான். மத்திய அரசின் பி.எம்.கிசான் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, நேராக வங்கிக் கணக்குக்கு. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ளவர்களுக்கு. அதே ஆண்டிலேயே வருமானவரி கட்டுவோர் போன்ற சிலரைத் தவிர்த்து, நிலமுள்ள எல்லாருக்கும். இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் பெயர்கள் விரியும். வரிசை எண், பெயர், ஆணா பெண்ணா – அவ்வளவே. தகப்பன் பெயரோ சர்வே எண்ணோ இல்லை. பத்து முருகன் இருக்கும் ஊரில் எந்த முருகன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்படி ஒரு பட்டியல் இருந்தும் 2020-இல் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போனது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை முதலிய வட மாவட்டங்களில்தான் இது பெருமளவில் நடந்தது. வேளாண் துறையினரின் கடவுச்சொற்கள் தரகர்கள் கைக்கும் கணினி மையங்களுக்கும் போயிருந்தன. சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டனர், பணத்தில் ஒரு பகுதி திரும்பப் பெறப்பட்டது. பின்னர் நாடு முழுவதும் ஆதார்வழி அடையாளச் சரிபார்ப்பு (இ-கே.ஒய்.சி.) கட்டாயமானது; அதன் அலைச்சல் தவறே செய்யாத திண்டுக்கல் உழவர்கள் தலையிலும் விழுந்தது.

பெயரை வெளியிடுவதற்கு எதிர்வாதமும் உண்டு. பண்ணை மானியம் பெறும் தனிநபர்களின் பெயர்களை வரம்பின்றி வெளியிடுவது தனியுரிமைக்கு ஒவ்வாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010 நவம்பர் 9 அன்று தீர்ப்பளித்தது. 2013-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புது விதி, 1,250 யூரோ வரை பெறும் சிறு உழவர்களின் பெயரை மறைத்து, பெருந்தொகை பெறுவோரை வெளியே காட்டச் சொன்னது. நம்மூரில் நடப்பதோ தலைகீழ்: 2,000 ரூபாய் வாங்கியவர் பெயர் உலகுக்கே தெரியும், மின்சாரக் கணக்கு யாருக்கும் தெரியாது.

பட்டாதான் அளவுகோல் என்பதால் குத்தகைக்கு உழுபவர் பி.எம்.கிசான் பட்டியலிலேயே வருவதில்லை. நிலம் ஒருவர் பெயரில், பாடு இன்னொருவருக்கு என்பது ஊரார் அறிந்ததுதான். கணினி அதை அறியாது. பயனாளிப் பட்டியலை ஊராட்சியில் ஒட்ட வேண்டும் என்று திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபையில் அதை வாசிக்கச் சொல்லி எந்த வாக்காளரும் கேட்கலாம்.