கடல் இல்லாத ஊர்க்காரர்களின் கப்பல் பயணம்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கடல் கிடையாது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடற்கரை வெகு தூரம். இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பழக்கமான பெரிய தண்ணீர் என்றால் காவிரிதான். மோகனூரிலோ பரமத்தி வேலூர் பக்கமோ பரிசல் ஏறி அக்கரைக்குப் போவதுதான் அவர்களுடைய "கப்பல் பயணம்".

இப்போது காலம் மாறிவிட்டது. சொகுசுக் கப்பலில் விடுமுறை என்பது நம் ஊர்த் தம்பதிகளுக்கும் எட்டக்கூடிய விஷயமாகிவிட்டது. 2023 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் "எம்பிரஸ்" கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைகளில் நின்று, ஊர் சுற்றிக் காட்டிவிட்டு, மறுபடி சென்னைக்கே திரும்பும் பயணம் அது. மேல்தளத்தில் நீச்சல் குளம், இரவில் ஆட்டம் பாட்டு, ஜன்னலைத் திறந்தால் கடல். கல்யாணமான கையோடு போகிறவர்கள் உண்டு, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு அறுபது வயதில் போகிறவர்களும் உண்டு.

சரி, சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து கப்பல் ஏறுவது இதுதான் முதல் தடவையா? இல்லவே இல்லை. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே இதே கடலில் ஆயிரக்கணக்கான ஜோடிகள் போயிருக்கிறார்கள். அவர்களுக்குக் கேபின் கிடையாது, ஜன்னல் கிடையாது. பலருக்குத் திரும்பி வரும் பயணமும் இருக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மனிதருக்கு முன்னால் போன இரும்பு

சேலத்திலிருந்து மனிதர்கள் கூட்டம் கூட்டமாகக் கடலுக்குப் போவதற்கு முன்னாலேயே சேலத்து மண் கடற்கரைக்குப் போய்விட்டது. 1830ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலை தொடங்கினார். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் சின்னத் துறைமுகம் அது. ஆலைக்கு வேண்டிய இரும்புத் தாது சேலம் பக்கத்திலிருந்து வந்தது. உருக்கிய இரும்பு பரங்கிப்பேட்டையில் கப்பல் ஏறி இங்கிலாந்து போனது. விறகுக்கரி கிடைக்காமலும் பணமுடையாலும் ஆலை சில பத்தாண்டுகளில் படுத்துவிட்டது. ஆனால் சேலத்துக்கும் சோழ மண்டலக் கரையின் குட்டித் துறைமுகங்களுக்கும் உள்ள உறவு அப்போதே ஆரம்பித்துவிட்டது.

இன்னொரு ஆரம்பமும் உண்டு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச காலத்திலேயே, 1830களில், இலங்கையின் கண்டி மலைகளிலும் வெள்ளைக்கார முதலாளிகள் காப்பித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். அங்கே கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. சேலம், திருச்சி, மதுரை, தஞ்சை என்று தமிழ் மாவட்டங்களின் பக்கம் அவர்கள் பார்வை திரும்பியது.

பஞ்சம் தள்ளியது, ரயில் இழுத்தது

1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம் தென்னிந்தியாவையே உலுக்கியது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கிராமத்துப் பேச்சில் அடிபடுவது இதுதான். சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. 1871 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881ல் எண்ணிப் பார்த்தபோது இருந்தவர்கள் சுமார் 16 லட்சம் பேர்தான். பத்து வருடத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. செத்தவர்கள் எத்தனையோ பேர். ஊரை விட்டுப் போனவர்களும் இந்தக் கணக்கில் உண்டு.

போவதற்கு வழியும் அதற்குள் தயாராகிவிட்டது. 1861ல் மெட்ராஸ் ரயில்வே சேலத்தைத் தொட்டது. அதே காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு இன்னொரு கம்பெனி ரயில் பாதை போட்டது. அது காவிரிக் கரையோரமாகவே நீண்டு கரூர் வழியாக 1868ல் ஈரோட்டில் வந்து சேர்ந்தது. ஆக, சேலத்துக்காரர் ரயிலிலேயே நாகப்பட்டினக் கடற்கரை வரைக்கும் போய்விடலாம் என்றாகிவிட்டது. (நாமக்கல் ஊருக்கு ரயில் வருவதற்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை!)

ஊருக்குள் ஆள் பிடிக்க வந்தவர் கங்காணி. அவர் வெளியாள் இல்லை. தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, கையில் முன்பணத்தோடு சொந்த ஊருக்கே வந்தவர். மாமன், மச்சான், பங்காளி என்று உறவுமுறை சொல்லித்தான் ஆள் சேர்த்தார். அவர் கொடுத்த முன்பணம் அங்கே போய் இறங்கும்போது கடனாகத் தலையில் ஏறிக்கொள்ளும்.

குட்டித் துறைகள்

இலங்கைக்குப் போன ஆரம்பகாலப் பயணத்தில் நீராவிக் கப்பலே கிடையாது. தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் மாதிரியான சின்னத் துறைகளில் பாய்மரத் தோணி ஏறி மன்னார் கரையில் இறங்குவார்கள். கடல் பயணம் குறைவு. பிறகுதான் கஷ்டமே. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக நடை. தண்ணீர் கிடைக்காது, காலராவும் மலேரியாவும் துரத்தும். கணவன் தலையில் மூட்டை, மனைவி இடுப்பில் குழந்தை. வழியிலேயே செத்து விழுந்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை.

1890களின் இறுதியில் பிளேக் பயம் வந்தது. இலங்கை அரசு ஆட்களைத் தூத்துக்குடி வழியாகக் கப்பலில் கொழும்புக்கு வரச் சொன்னது. தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறையில் ஒரு முகாம், கொழும்பு பக்கம் ராகமையில் ஒரு முகாம். 1914ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் மண்டபம் முகாம் முக்கியமானது. அங்கே வைத்துப் பரிசோதித்து, மருந்து அடித்து, சரி என்று பட்டால்தான் கப்பல்.

மலாயா போகிறவர்களுக்கு வாசல் நாகப்பட்டினமும் சென்னையும். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது. கப்பல் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் ஏற வேண்டும். கடலூர், பரங்கிப்பேட்டை, காரைக்கால் என்று இந்தக் கரையின் துறைகள் பலவற்றிலும் இதே முறைதான். சென்னையிலேயே 1881ல் துறைமுகம் உருவாகும் வரை மசூலாப் படகுதான் கதி. அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். பரிசலைத் தவிர வேறெதிலும் ஏறியிராத ஒருவர் முதன்முதலில் கடலைப் பார்த்த அன்றைக்கே இப்படி ஆடும் படகில் ஏறி, அங்கிருந்து கப்பலில் தொற்ற வேண்டும் என்றால் எப்படி இருந்திருக்கும்?

டெக் பயணிகள்

இந்தக் கடலில் ராஜாவாக இருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அதன் கப்பல்களிலேயே தமிழர்கள் அதிகம் ஞாபகம் வைத்திருப்பது "ரஜூலா"வைத்தான். 1926ல் ஸ்காட்லாந்தில் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. கேபினில் போனவர்கள் மிகச் சிலர்.

டெக் பயணி என்றால் தனக்கென்று அறையோ படுக்கையோ இல்லாதவர் என்று அர்த்தம். கொண்டுபோன பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்துப் பாய் வேறொரு குடும்பம். வங்கக் கடலைத் தாண்டச் சில நாட்கள். பினாங்கு போனதும் நேராக ஊருக்குள் போய்விட முடியாது. ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இலங்கைத் தோட்டத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கொழுந்து பறிக்கப் பெண்கள் தேவைப்பட்டார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆரம்பத்தில் பெரும்பாலும் ஆண்கள் தனியாகப் போனார்கள். மனைவி ஊரில் காத்திருப்பாள். பிறகுதான் பெண்கள் எண்ணிக்கை மெல்லக் கூடியது.

சேர்ந்து போன இடத்திலும் இருவரும் சமம் இல்லை. இலங்கையில் 1927ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், குழந்தைக்கு 32 சதம் என்று நிர்ணயித்தார்கள். விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறவளுக்குத்தான் பதினொரு சதம் குறைவு!

சேலத்து வக்கீலும் சுதேசிக் கப்பலும்

வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றே கடலை ஆள்வதை எதிர்த்து வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கம்பெனியின் சட்ட ஆலோசகர்களில் ஒருவர் சேலம் விஜயராகவாச்சாரியார். பிற்பாடு 1920ல் நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அதே மனிதர்தான். கடலைக் கண்ணால் பார்க்காத மாவட்டத்துக்காரர்களும் அந்தக் கப்பலைத் தங்கள் கப்பலாக நினைத்தார்கள் என்பதற்கு இது ஓர் அடையாளம். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது, 1908ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், சுதேசிக் கம்பெனியும் மூழ்கியது.

அறுந்துபோன கயிறுகள்

1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கானவர்களை அதே கப்பல்களில் திருப்பி அனுப்பினார்கள். 1938ல் மலாயாவுக்கும் 1939ல் இலங்கைக்கும் கூலி ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1942ல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. மூன்றரை வருடம் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இருந்த பெண்கள் இந்தச் சமவெளியில் எத்தனை பேரோ. சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போன பலர் திரும்பவே இல்லை.

அந்த யுத்தத்திலிருந்து சேலத்துக்கு எதிர்பாராத ஒன்று கிடைத்தது. மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனது. 1943ல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரின் அனுபவத்தைத் துணையாகக் கொண்டு மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார். இன்று சேலம், நாமக்கல் வட்டாரமே ஜவ்வரிசிக்குப் பெயர் பெற்றிருக்கிறது என்றால் அந்த விதை கடல் தாண்டி வந்ததுதான்.

இலங்கையில் நடந்தது இன்னும் கொடுமை. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964ல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மீதி ஒன்றரை லட்சம் பேர் விஷயம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு இந்தியக் குடியுரிமை, இன்னொருவருக்கு இலங்கைக் குடியுரிமை என்று குடும்பங்கள் பிரிந்தன. தாத்தாவும் பாட்டியும் போன அதே தலைமன்னார்க் கடல் வழியாகப் பேரப்பிள்ளைகள் முன்பின் பார்த்திராத "சொந்த ஊருக்கு"த் திரும்பினார்கள். 1984ல் போர் காரணமாக அந்தக் கப்பலும் நின்றது. இலங்கையில் தங்கிவிட்ட நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வருவதற்கு 2003 ஆனது.

ரஜூலா 1973ல் ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்கு வந்த "சிதம்பரம்" கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு சென்னை, சிங்கப்பூர் பயணிகள் கப்பல் காலமே முடிந்துபோனது.

மறுபடியும் அதே துறைகள்

இப்போது விடுமுறைக் கப்பல் நின்ற இடங்களைப் பாருங்கள். காங்கேசன்துறை: மாவிட்டபுரத்து முருகனான காங்கேயன் சிலை வந்து இறங்கிய துறை என்று தலபுராணம் சொல்லும் இடம். போரில் சிதைந்து, பல வருடம் ராணுவத்தின் கையில் இருந்த துறைமுகம். 2023 ஜூன் 16ல் எம்பிரஸ் கப்பல் அங்கே வந்தது. அதே வருடம் அக்டோபர் 14ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாட்களில் நின்றுபோய், 2024 ஆகஸ்ட் 16ல் "சிவகங்கை" என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது. சேலத்துக்காரர்கள் ஒரு காலத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் நின்ற அதே நாகப்பட்டினம்!

விடுமுறைக்குப் போவதில் எந்தத் தப்பும் இல்லை. உழைத்துச் சேர்த்த காசில் கணவனும் மனைவியும் கடல் காற்று வாங்குவது நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு வேலை செய்யலாம். போவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் "நம்ம குடும்பத்துல யாராச்சும் கண்டிச் சீமைக்கோ பினாங்குக்கோ போனாங்களா?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். சேலம், நாமக்கல் கிராமங்களில் பல வீடுகளில் அப்படி ஒரு பெயர் கிடைக்கும். போனவர் யார், கூடப் போனவள் யார், எந்தத் துறையில் ஏறினார்கள் என்பது அந்தப் பெரியவர்களோடு போய்விடும். அதற்குள் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால், கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தில் அவர்களில் பெரும்பாலோர் வெறும் எண்ணிக்கைதான்.